கோந்தேயின் பத்து நாட்கள்

கோழிக்காலை நாய்க்கு வேகவைப்பதற்கு முன்னால் நகத்தை வெட்டிவிட வேண்டும். பலபேர் இதைச் செய்வதில்லை. நகம் தொண்டையில் குத்தி நாய் இருமத் தொடங்கும். சளி பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்து நிற்பார்கள். அரேகிப்பா நகரின் மேட்டுத் தெருவில் இருபத்திரண்டு வருஷமாகத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் எர்மெலிந்தா துர்போ, வயது அறுபத்தொன்று. நாய் பூனை விஷயம் என்றால் எங்கள் பக்கத்தில் கால்நடை மருத்துவரிடம் போவதற்கு முன் என்னிடம்தான் வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம், ஐயா. எனக்கு அவசரம் இல்லை. அவசரமெல்லாம் உங்கள் சுகாதார அலுவலகக் கூண்டில் கிடக்கும் அந்தத் தவிட்டு நிற நாய்க்குத்தான். நாளைக் காலையில் அதைக் கொன்று, தலையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது வேண்டாம். சாந்துசாவைக் கடித்தது அது இல்லை. சாந்துசாவைப் புதைத்து ஒன்பது நாளாகிறது. அந்த நாய் அவள் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. இதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாகக் கிளம்பி வந்தேன். வாயில்லாத ஒரு ஜீவன் செய்யாத குற்றத்துக்குச் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

கடித்தது என் நாய், கோந்தே.

எங்கள் தெருவில் நாய் வளர்ப்பு என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மொட்டைமாடியில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த மாடி கட்டுவதற்காக நீட்டிவிட்ட கம்பிகள், தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, அதற்கு நடுவில் நாய். திருடன் வந்தால் குரைக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. வெயிலில் சிமெண்டுத் தரை காலைச் சுடும் என்று ஒருவருக்கும் தோன்றாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அப்படி இல்லை. தினமும் விடிந்ததும் கோந்தேயைக் கீழே கூட்டிவந்து வறண்ட ஓடையில் ஓடவிடுவேன். ஓடாத நாய்க்கு மனசு கெட்டுப்போகும்.

அதைப் போல ஒரு நாயை நான் பார்த்ததில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் டயர் பட்டறை வைத்திருக்கும் எலாதியோவின் நாய் போட்ட குட்டி அது. அந்த ஈற்றில் இரண்டு ஆண். ஒன்றை அவர் வைத்துக்கொண்டார், அதுதான் இப்போது உங்களிடம் இருக்கும் பரோன். இன்னொன்றை ஒரு லாரிக்காரன் வாங்கிப்போய், வெந்நீர் ஊற்றி, பிடரியைப் பிடித்துத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டான். நான் எடுத்துவந்தேன். பிடரிப் பக்கம் அந்நியக் கை போனால் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டுவிடும். மூன்று மாதம் தரையில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையில் சோறு வைத்துக் காத்திருந்தேன். நாயை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, அது சண்டைக்கு அழைப்பது போல. பூனை என்றால் பார்க்கலாம், ஆனால் கண்ணை மெல்ல மூடித் திறக்க வேண்டும். என் பூனை சோம்ப்ராவிடம் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறேன். இதெல்லாம் பொறுமை இருந்தால் வருகிற கலை.

இப்போது ஊசி விஷயம். எங்கள் ஊரில் வெறிநோய் வருஷக்கணக்காக இருக்கிறது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் மேசை போட்டு எல்லா நாய்க்கும் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில் மஞ்சள் பட்டை, சொந்தக்காரர் கையில் ஓர் அட்டை. கோந்தேயை அந்தக் கூட்டத்துக்குள் இழுத்துப்போய், இரண்டு ஆண்கள் பிடரியைப் பிடித்து அழுத்த, நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? மூன்று மாதப் பாடு மூன்று நிமிஷத்தில் போய்விடும். எலாதியோ காலையிலேயே பரோனுக்குப் போட்டுவிட்டார். மத்தியானம் நான் பரோனைக் கொஞ்ச நேரம் உலாத்திவருகிறேன் என்று வாங்கிக்கொண்டு, பட்டையைக் கழற்றிவிட்டு, அடுத்த மேட்டுச் சதுக்கத்துக்குப் போனேன். பெயர் கேட்டார்கள். கோந்தே என்றேன். பரோன் ஊசிக்குக் கண்ணைக்கூட இமைக்காது, தங்கமான சுபாவம். ஒரே தவிட்டு நிறம், ஒரே வெள்ளை நெஞ்சு. கோந்தேக்கு வலது முன்காலில் ஒரு நகம் மட்டும் வெள்ளை. நகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அட்டை கிடைத்தது. பட்டையைக் கோந்தேயின் கழுத்தில் கட்டினேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

ஜூலையில் ஒருநாள் ஓடையிலிருந்து உதடு கிழிந்து வந்தது. உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டேன். நாய் என்றால் சண்டை போடத்தான் செய்யும்.

சாந்துசா என் பக்கத்து வீட்டுக்காரி. சதுக்கத்தில் மரப்பீப்பாயைச் சுழற்றிச் சுழற்றிப் பால் ஐஸ் செய்து விற்பாள். அவள் மகள் மாரிசோலுக்கு ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாய். அதனால் அவளும் நானும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கோந்தேயைக் குட்டியிலிருந்து தெரியும் அவளுக்கு. பன்றிக்கறிக் குழம்பு வைத்தால் எலும்பை ஆறவைத்து எடுத்துவருவாள். ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் தட்டோடு என் மாடிக்கு ஏறினாள். கோந்தே தொட்டிக்கு அடியில் இருட்டில் படுத்திருந்தது. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. எழுந்துவந்து அவள் வலது கையைக் கவ்வி, மணிக்கட்டு வரை கிழித்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொண்டது.

சோப்புப் போட்டு நான்தான் கழுவினேன், கால்மணி நேரம். செய்ய வேண்டியதைச் செய்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் வலியில் அழுதுகொண்டே நாய்க்குத்தான் பரிந்து பேசினாள்.

"அவனைத் திட்டாத கொமாத்ரே. தூங்கிட்டிருந்தான், நான்தான் சத்தமில்லாம போய் நின்னுட்டேன்."

சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப்போனேன். மிலாக்ரோஸ் என்று ஒரு நர்ஸ், சின்ன வயசு, பொறுப்பானவள். ஊசியை அன்றைக்கே தொடங்கிவிடலாம் என்றுதான் முதலில் சொன்னாள். நான் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். வீட்டு நாய், ஊசி போட்ட நாய், மாடியை விட்டு இறங்காத நாய் என்றேன். சாந்துசாவும் ஆமாம் ஆமாம் என்றாள். ஊசிக்கு அலைந்தால் வியாபாரம் கெடும் என்று அவளுக்குக் கவலை. மிலாக்ரோஸ் யோசித்துவிட்டுப் பத்து நாள் கண்காணிப்பு என்று எழுதினாள். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால் அதனிடம் நோய் இல்லை. ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் வந்து பார்ப்பேன் என்றாள். வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாய்க்கு ஏதாவது ஒண்ணுன்னா அன்னிக்கே எனக்குச் சொல்லிடணும் சென்யோரா. ராத்திரியானாலும் பரவால்ல. அவங்க உயிரு உங்க கையிலதான் இருக்கு."

சரி என்றேன்.

மூன்றாம் நாள் சோம்ப்ரா மாடிப்படியில் பாதி ஏறி, முதுகு மயிர் சிலிர்த்து, திரும்பி இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அது மேலே போகவே இல்லை. பூனைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருக்குமா? கோந்தேயின் குரல் மாறியிருந்தது, தாடை தொங்கிப்போயிருந்தது, தண்ணீரில் வாயை வைக்கும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை உள்ளே விட்டுத் தேடினேன். எலும்பு இல்லை. கையெல்லாம் எச்சில். முன்பு ஓடையில் இப்படி ஒரு நாயைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததை மறக்கிறவள் இல்லை நான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சரிதான். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்பு கீழ்த்தெருவில் ஒரு நாயைப் பிடித்தார்கள். தலையை வாளியில் ஐஸ் போட்டு எடுத்துப்போனார்கள். மிச்சத்தைக் கறுப்புப் பையில் கட்டிச் சொந்தக்காரி கையில் கொடுத்தார்கள். அவள் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளெல்லாம் பிடரிக்குப் பயந்த பிள்ளையை அந்தக் கழுத்திலேயே அறுப்பார்களா? மனசு கேட்கவில்லை, ஐயா. அதோடு அட்டை எப்படி வந்தது என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களுக்குப் புத்தி சொன்னவள் தன் நாய்க்கு ஊசி போடவில்லை என்று தெரு முழுக்கப் பேசும். அது பெரிய விஷயமில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன், எதையும் மறைத்தேன் என்று வரக்கூடாது.

நான்காம் நாள் ஞாயிறு காலை கோந்தே போய்விட்டது. தெருவே பூசைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்த நேரம். என் கம்பளிப் போர்வையில் சுற்றி, தீவனம் தள்ளும் வண்டியில் வைத்து, ஓடைக்கு மேலே கள்ளிப் புதர்ப் பக்கம் குழி தோண்டினேன். முழு உடம்போடு படுத்திருக்கிறது. இடத்தைக் காட்டுகிறேன், ஆனால் தோண்டுவதாக இருந்தால் காட்டமாட்டேன்.

அங்கிருந்து நேராக எலாதியோவிடம் போனேன். என் நாய்க்கு உடம்பு சரியில்லை, மாடியில் குரைப்புச் சத்தம் இல்லாவிட்டால் திருடன் ஏறிவிடுவான், ஒரு வாரம் பரோனைக் கொடுங்கள் என்றேன். எங்கள் பக்கத்தில் இப்படி நாய் இரவல் கேட்பது உண்டு. பாவம், யோசிக்காமல் கொடுத்தார். அவரை இதில் இழுக்காதீர்கள்.

மறுநாள், ஐந்தாம் நாள், மிலாக்ரோஸ் வந்தாள். பரோன் அவள் கையை நக்கியது, தட்டுத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தது. அவளுக்குச் சந்தோஷம். பத்தாம் நாளும் அப்படித்தான். அன்றைக்குத்தான் கைப்பேசியில் படம் எடுத்தாள், நீங்கள் கையில் வைத்துக்கொண்டு பரோனைத் தேடிப் பிடித்த படம். நல்லபடியாக இருக்கிறது, ஊசி தேவையில்லை என்று எழுதி, சாந்துசா வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கினாள்.

சாந்துசா பரோனைப் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பாள். கடிபட்டதிலிருந்து மாடிக்கு ஏற அவளுக்குப் பயம். அதையும் நான் புரிந்துகொண்டேன், வா என்று வற்புறுத்தவில்லை. இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒருநாள் கேட்டாள்:

"உன் பையன் குரல் என்னமோ மாதிரி இருக்கே கொமாத்ரே. சாப்பிடுறானா?"

"நல்லா சாப்பிடுறான். தொண்டையில எலும்பு குத்திடுச்சு, அதான் குரல் அப்படி."

"நகத்தை வெட்டாம போட்டியோ என்னமோ" என்று கிண்டல் செய்தாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

பதினோராம் நாள் பரோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோந்தே எங்கே என்று கேட்டவர்களிடம், கடிக்கப் பழகிவிட்டது, இனிமேல் ஊருக்குள் ஆகாது, சிவாய் பக்கம் என் ஒன்றுவிட்ட அண்ணன் பண்ணைக்கு அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். சாந்துசா அன்று முழுக்க அழுதாள். என்னால்தானே அனுப்பினாய், நான்தானே அவன் தூக்கத்தைக் கெடுத்தேன் என்று புலம்பினாள். நான் அவளைத் தேற்றினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்களாகக் கேட்கமாட்டீர்கள், கேட்க உங்களுக்குத் தோன்றாது. கோந்தேயின் வாய்க்குள் கைவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? தீவன மூட்டை தூக்குகிற கை, எப்போதும் கீறல் இருக்கும். அதைப் புதைத்த மறுநாள், மிலாக்ரோஸ் வந்துபோன பிறகு, இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் என்னை யாருக்கும் தெரியாத ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஓடையில் தெருநாய் ஒன்று கடித்துவிட்டது, அப்புறம் அதைக் காணவில்லை என்றேன். காணாமல் போன நாய் என்றால் அவர்கள் யோசிப்பதே இல்லை, உடனே ஊசி. மொத்தம் ஐந்து. நாள் தவறாமல் போனேன். அடிக்கடி எங்கே போகிறாய் என்று சாந்துசா கேட்டாள். சரக்கு எடுக்க என்றேன். ஒருமுறை பஸ் நிறுத்தம்வரை துணைக்கு வந்து, பசித்தால் சாப்பிடு என்று சோளமும் பாலாடைக்கட்டியும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தாள்.

அவளையும் கூட்டிப்போயிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வராது. எந்த நாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அப்புறம் நாட்கள் போயின. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அவள் பீப்பாயைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவளை உற்றுப் பார்ப்பேன். நடை, கண், சாப்பாடு, தூக்கம். எந்தப் பிராணியையும் அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை. நன்றாக இருந்தாள். ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். கடிபட்ட எல்லோருக்குமா வருகிறது?

ஏழாவது வாரம் கை குறுகுறுக்கிறது, எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள். தழும்பைச் சொறிந்துகொண்டே இருந்தாள். மறுநாள் காய்ச்சல். காற்றுப் பட்டால் திடுக்கிட்டாள். நான் சீமைச்சாமந்தி டீ போட்டு எடுத்துப்போனேன். கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனாள், கழுத்து வெட்டி இழுத்தது, கோப்பை விழுந்து உடைந்தது. நான் கீழே குனிந்து சில்லுகளைப் பொறுக்கினேன். மேலிருந்து அவள் கேட்டாள்:

"உண்மையச் சொல்லு கொமாத்ரே. கோந்தே எங்க?"

"சிவாயில. செம்மறியாட்டுப் பின்னாடி ஓடிட்டிருக்கான்."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அப்படின்னா சரி" என்றாள்.

அறிகுறி வந்துவிட்டால் ஊசியால் பயனில்லை. அப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதால் சொல்லவில்லை. அதற்கு முன்பு சொல்லியிருந்தால் பயன் இருந்திருக்கும். அப்போது சொல்லாததற்குக் காரணம் வேறு, அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நீங்கள் கேட்க வருவது தெரிகிறது. பிழைத்திருப்பாள். ஊசி வேலை செய்யும் என்பதற்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் நானே சாட்சி. ஆகவே சாந்துசாவைச் சாகவிட்டது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பரோனை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். கூண்டு அதற்குப் பழக்கமில்லை.

அவள் என்மேல் வருத்தத்தோடு போகவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் மாரிசோல்தான் என்னைத் தேடிவந்தாள். ஞானத்தாயைப் பார்த்தால் அம்மா அமைதியாவாள் என்று கெஞ்சி உள்ளே கூட்டிப்போனாள். கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அறை இருட்டாக இருந்தது. நான் வாசலில் நின்றதும் அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவுடன் உடம்பை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள், கட்டு இறுகியது, வாயில் நுரை தள்ளியது. பேச்சு வரவில்லை. கண்ணை மட்டும் என்மீதிருந்து எடுக்கவே இல்லை. நர்ஸ் என்னை வெளியே கூட்டிவந்து, இந்த நோயில் தண்ணீரைக் கண்டால் இப்படித்தான் மிரளுவார்கள், நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். மாரிசோலிடமும் அதையே சொன்னேன். உங்களிடமும் அதைத்தான் சொல்கிறேன். பயந்த ஜீவனைப் பார்த்தால், அது எதைக் கண்டு பயப்படுகிறது என்று எனக்குத் தெரியாதா? தண்ணீரைக் கண்டுதான். நான் வெறுங்கையோடு போயிருந்தேன், அந்த அறையில் ஒரு தம்ளர்கூட இல்லை, எல்லாவற்றையும் முதல்நாளே எடுத்துவிட்டிருந்தார்கள். இருந்தாலும் தண்ணீரைக் கண்டுதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.